பேஸ்மென்றில் மிளகாய் நாற்று: எத்தனை லைற், எவ்வளவு உயரம், எத்தனை மணித்தியாலம்?

முற்றம் (ஸ்காபரோ, கனடா) · பெப்ரவரி 11

வணக்கம். அமைப்பை அப்படியே எழுதுகிறேன், பிழை எங்கே என்று பார்த்துச் சொல்லுங்கோ.

இரும்பு ராக்கை (அடுக்குத் தட்டு), 4 அடி நீளம், 18 அங்குல அகலம். யன்னல் இல்லாத பேஸ்மென்ற், அறை 17–18 பாகை செல்சியஸ். மேலே 4 அடி எல்.ஈ.டி. ஷொப் லைற் இரண்டு. ஒவ்வொன்றும் 40 வாற், பெட்டியில் 4000 லூமன், 5000 கெல்வின் (வெளிச்சத்தின் நிற அளவு) என்று போட்டிருக்கு. லைற்றுக்கும் நாற்றுக்கும் இடையில் 40 செ.மீ. ரைமர் காலை 7 முதல் இரவு 7 வரை. கீழே ஹீற் மற் (தட்டைச் சூடாக்குகிற விரிப்பு), தேர்மோஸ்ரற்றில் 29 பாகை. 72 குழித் தட்டு இரண்டு. ஒவ்வொரு தட்டிலும் பாதி எம்.ஐ.2 (இலங்கை மிளகாய் வகை ஒன்று), பாதி கொச்சி (சின்னக் காய், கடும் உறைப்பு).

எம்.ஐ.2 எட்டாம் நாள் முளைத்தது. முளைத்து ஆறு நாளில் தண்டு 6 செ.மீ. நீண்டு, இரண்டு வித்திலையோடு (விதையில் இருந்து வருகிற முதல் இலைகள்) ஒரு பக்கம் சாயுது. கொச்சி பத்தில் ஒன்றுதான் தலை காட்டியிருக்கு. செடி வளர்க்க என்று விற்கிற ஊதா நிற லைற்றுக்கு மாற வேணுமா?

ஒளிக்கணக்கு (மிசிசாகா) · பிப்ரவரி 11

லைட்டை மாற்ற வேண்டாம். கீழே இறக்குங்கள், நேரத்தைக் கூட்டுங்கள். ஏன் என்பதற்குக் கணக்கு இதோ.

செடி பயன்படுத்தும் ஒளியை ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நொடியில் எத்தனை மைக்ரோமோல் என்று அளப்பார்கள். வெள்ளை எல்.இ.டி. என்றால் லக்ஸை (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) 70 ஆல் வகுத்தால் அந்த எண் ஏறத்தாழ வந்துவிடும். வெயிலுக்கு 54 ஆல் வகுக்க வேண்டும்.

உங்கள் இரண்டு லைட்டும் சேர்ந்து 8000 லூமன் (விளக்கு வெளியிடும் மொத்த வெளிச்சம்). 70 ஆல் வகுத்தால் நொடிக்கு 114 மைக்ரோமோல். ராக்கையின் பரப்பு 0.56 சதுர மீட்டர். இலைக்கு மேல் 12 செ.மீ.யில் லைட்டை நிறுத்தினால் முக்கால் பங்கு தட்டில் விழும், சராசரி சதுர மீட்டருக்கு 155 கிடைக்கும். 40 செ.மீ. உயரத்தில், பக்கங்களும் திறந்திருந்தால், பாதிக்கு மேல் தரைக்கும் சுவருக்கும் போய்விடும். 80 தேறினால் அதிகம்.

இனி ஒரு நாள் மொத்தம், அதை மோலில் சொல்வார்கள் (ஒரு மோல் பத்து லட்சம் மைக்ரோமோல்). மைக்ரோமோலை மணி நேரத்தால் பெருக்கி, அதை 0.0036 ஆல் பெருக்குங்கள். இப்போது உங்கள் நாற்றுக்குக் கிடைப்பது 80 × 12 × 0.0036 = 3.5 மோல். மிளகாய் நாற்று தடித்து வளர நாளொன்றுக்கு 10 முதல் 15 மோல் வேண்டும். மூன்றில் ஒரு பங்குதான் போட்டிருக்கிறீர்கள், அது வெளிச்சத்தைத் தேடி நீளுகிறது.

12 செ.மீ.க்கு இறக்கி 16 மணி நேரம் எரியவிட்டால் 8.9 மோல். அதே மாதிரி மூன்றாவது லைட் ஒன்று சேர்த்தால் 13.4. முதல் மூன்று வாரத்துக்கு இரண்டே போதும். ஏப்ரலில் மூன்று இல்லாமல் சமாளிக்க முடியாது.

கைபேசியில் லக்ஸ் காட்டும் செயலி ஒன்றைப் போட்டு, இலை நிற்கும் மட்டத்தில் போனை வைத்து, முன்பக்க சென்சார் மேலே பார்க்கும்படி அளந்து பாருங்கள். நாற்று மட்டத்தில் 11,000 முதல் 15,000 லக்ஸ் வேண்டும். போனுக்குப் போன் அளவு மாறும். ஆனாலும் நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க அது போதும்.

வேரடிமண் (ஏஜாக்ஸ்) · பெப்ரவரி 12

ஒளிக்கணக்கு சொன்னது பாதிக் காரணம். மற்றப் பாதி அந்த ஹீற் மற்.

மிளகாய் விதை முளைக்க மண் 27–32 பாகை வேணும், அது சரி. ஆனால் தலை காட்டின பிறகு அதே சூட்டில், மங்கின வெளிச்சத்தில் விட்டால் வித்திலைக்குக் கீழே உள்ள தண்டு ஓடி நீளும். அப்படி நீண்ட தண்டு பிறகு குறுகாது. முளைத்த அன்றே மற்றில் இருந்து எடுக்க வேணும். பிறகு பகல் 21–24, இரவு 17–19 பாகை காணும்.

உங்களுக்கு அது செய்ய முடியாமல் போனதற்குக் காரணம், எம்.ஐ.2ஐயும் கொச்சியையும் ஒரே தட்டில் போட்டது. எம்.ஐ.2 ஒரு கிழமை, பத்து நாளில் வரும். கொச்சி இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும். ஒன்றுக்கு மற் வேணும், மற்றதுக்குக் கூடாது. வகைக்கு ஒரு சின்னப் பெட்டியில் முளைக்க வைத்து, முளைத்ததை மட்டும் குழித் தட்டுக்கு மாற்றுங்கோ. முளைக்க வெளிச்சம் தேவையில்லை, ஆகவே அந்தப் பெட்டி லைற்றுக்குக் கீழ் இருக்கவும் வேண்டாம். இப்போதைக்குத் தட்டைக் குழி வரிசையாக வெட்டிப் பிரித்து, முளைக்காத பக்கத்தை மட்டும் மற்றில் வையுங்கோ.

அறை 17 பாகை என்கிறீர்கள். ராக்கையின் மூன்று பக்கமும் வெள்ளைப் பலகையால் மறைத்தால் லைற் சூட்டிலேயே உள்ளே மூன்று நாலு பாகை ஏறும். அப்படியும் 20ஐத் தாண்டாவிட்டால் மற்றை 21 பாகையில் வைத்து ஓட விடலாம்.

சாய்ந்த நாற்று ஒவ்வொன்றையும் மண் மட்டத்தில் உற்றுப் பாருங்கோ. அந்த இடம் நூல் போல மெலிந்து, பழுப்பாகி, தண்ணி ஊறின மாதிரி இருந்தால் அது நாற்றழுகல். அதைப் பிடுங்கிக் குழி மண்ணோடு எறியுங்கோ, பக்கத்துக் குழிக்குப் பரவும். தண்டு முழுக்க ஒரே பச்சையாக, ஒரே தடிப்பாக இருந்து சாய்ந்தால் வெறும் நீட்டம்தான், காப்பாற்றலாம். முதல் உண்மையிலைச் சோடி (வித்திலைக்குப் பிறகு வருகிறது) விரிந்ததும் பெரிய சாடிக்கு மாற்றும்போது வித்திலைக்குச் சற்றுக் கீழ் வரை புதைத்து வையுங்கோ. தக்காளி மாதிரி தண்டு முழுக்க வேர் விடாது, ஆனால் நிமிர்ந்து நிற்கும். அதற்கு மேல் ஆழம் வேண்டாம்.

மின்கம்பி (மார்க்கம்) · பெப்ரவரி 12

ரைமரை மாற்றப் போகிறீர்கள் என்றால் நேரத்தையும் மாற்றி வையுங்கோ. ஒன்ராறியோவில் நேரத்துக்கு ஏற்ற கட்டணத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு வார நாட்களில் இரவு 7 முதல் காலை 7 வரை குறைந்த கட்டணம், சனி ஞாயிறு முழு நாளும் குறைவு. குளிர்காலத்தில் காலை 7–11ம் மாலை 5–7ம் தான் உச்சம். யன்னல் இல்லாத அறையில் நாற்றுக்குப் பகல் எது, இரவு எது என்று தெரியாது. இரவு 7க்குப் போட்டுக் காலை 11க்கு அணைத்தால் 16 மணித்தியாலத்தில் 12 மலிவு. இன்னொரு நன்மை, வீடு ஆகக் குளிர்ந்திருக்கிற விடியப்புறத்தில் லைற் சூடு கிடைக்கும்.

செலவு: 80 வாற் × 16 மணி = ஒரு நாளைக்கு 1.28 அலகு, மாதம் 38. மூன்றாவது லைற்றோடு மாதம் 58 அலகு.

பாதுகாப்பு பற்றிக் கொஞ்சம். பவர் பாரை நிலத்தில் போடாதேங்கோ, ராக்கையின் கால் ஒன்றில் லைற் மட்டத்துக்கு மேலே கட்டுங்கோ. ஒவ்வொரு வயரும் செருகியை விடத் தாழ்ந்து வளைந்து பிறகு மேலேறட்டும், அப்ப வயர் வழியே ஓடிவருகிற தண்ணி வளைவில் சொட்டும், செருகிக்குள் போகாது. நிலநடுக்கம் வந்தாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு லைற்றைச் சங்கிலியில் கொளுவுங்கோ, நைலோன் கயிறு வேண்டாம். சி.எஸ்.ஏ. அல்லது சி.யு.எல். குறி (கனடாவில் செல்லுபடியாகிற மின்பாதுகாப்புச் சான்று) இல்லாத லைற்றை ஈரம் உள்ள இடத்தில் போடாதேங்கோ.

பழைய ரியூப் லைற் பெட்டிக்குள் எல்.ஈ.டி. ரியூப் போட நினைப்பவர்கள் கவனம். பலாஸ்ற்றோடு (பெட்டிக்குள் இருக்கிற சோக்) வேலை செய்கிற ரியூப் ஒரு வகை. பலாஸ்ற்றைக் கழற்றி நேரடியாக 120 வோல்ற் கொடுக்கிற ரியூப் வேறொரு வகை. மாறிப் போட்டால் ஆபத்து. செருகியோடு வருகிற ஷொப் லைற்றே இந்த வேலைக்குச் சுகம்.

நாகாமிளகாய் (பிராம்ப்டன்) · பிப்ரவரி 13

மின்கம்பி அண்ணா சொன்ன இரவு டைமர் கணக்கு ஜன்னல் இல்லாத இடத்துக்கு மட்டும்தான், அதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜன்னலோர மேசையில் வைத்திருப்பவர்கள் கட்டணம் குறைவு என்று இரவு முழுக்க லைட் போட்டால், பகலில் ஜன்னல் வெளிச்சம், இரவில் லைட் வெளிச்சம், செடிக்கு இருட்டே கிடைக்காது. தொடர் வெளிச்சத்தில் மிளகாய் இலை உருக்குலைந்து வெளிறும். நேரம் கூடக்கூட வளர்ச்சியும் கூடிக்கொண்டே போகாது. 16 மணி நேரம் எரிந்து 8 மணி நேரம் இருட்டு என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஒளி குறைவாக இருந்தால் 18 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

நாகா, ஹாபனேரோ போன்ற மிகக் காரமான வகைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இவற்றுக்கு விதைப்பிலிருந்து நடவு வரை 12 வாரம் தேவை. ரொறன்ரோ பக்கம் விக்டோரியா தினத்துக்கு (மே கடைசிப் பகுதியில் வரும் கனடா விடுமுறை) பிறகுதான் மிளகாய் வெளியே போகும், ஆகவே பிப்ரவரி கடைசியே சரியான நேரம். எம்.ஐ.2, குண்டு மிளகாய், குடைமிளகாய் எல்லாம் 8–10 வாரம், மார்ச் இரண்டாம் வாரம் போட்டால் போதும். முற்றம் அக்கா, எம்.ஐ.2ஐ நீங்கள் ஒன்றரை மாதம் முந்திப் போட்டுவிட்டீர்கள்.

வேரடிமண் (ஏஜாக்ஸ்) · பெப்ரவரி 13

முந்திப் போட்டது பிழை இல்லை, இடம் இருந்தால். 12 கிழமை நாற்று பூவோடு போகும், காய் முந்தி வரும்.

நாகாமிளகாய் (பிராம்ப்டன்) · பிப்ரவரி 13

இடம்தான் கேள்வியே அக்கா. ராக்கை 48 × 18 அங்குலம். மூன்றரை அங்குலச் சதுரச் சாடியை இடைவெளியே விடாமல் அடுக்கினாலும் 65 தான் கொள்ளும். ஆறு ஏழு இலை வந்து ஒன்றை ஒன்று தொடத் தொடங்கினால் 35–40 சாடிக்கு மேல் வைக்க முடியாது. இவர்கள் போட்டிருப்பது 144 குழி. இலை இலையை மறைத்ததும், மேலே எத்தனை லைட் இருந்தாலும் செடி நிழலை உணர்ந்து நீளும். பச்சை இலை வழியே வடிந்து வரும் ஒளியில் சிவப்பு குறைந்து தொலைசிவப்பு (நம் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஆழ்ந்த சிவப்பு) மிஞ்சும். பக்கத்தில் ஆள் இருக்கிறது, முந்தி வளர் என்பதற்கான செய்தி செடிக்கு அதுதான். பிப்ரவரியில் நீள்வது ஒளிக்குறை, ஏப்ரலில் நீள்வது நெரிசல். விதையை எண்ணுவதற்கு முன்னால் ஏப்ரல் கடைசியில் சாடி வைக்க எத்தனை இடம் இருக்கிறது என்று எண்ண வேண்டும்.

பூவோடு நட்டால் முந்திக் காய்க்கும் என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. சின்னச் சாடியில் வேர் சுற்றிக்கொண்டு பூத்த செடி, நிலத்துக்குப் போனதும் இரண்டு மூன்று வாரம் அப்படியே நிற்கும். இளம் நாற்று அதற்குள் அதை எட்டிப் பிடித்துவிடும்.

வேரடிமண் (ஏஜாக்ஸ்) · பெப்ரவரி 14

வேர் சுற்றவிடாமல் சாடி மாற்றிக்கொண்டு போனால் நிற்காது, தம்பி. ஆனால் ஒரே ஒரு ராக்கையில் 144 என்பது நடக்காத காரியம், அதை ஒத்துக்கொள்கிறேன். முற்றம், நீண்டு போன எம்.ஐ.2இல் நல்லது 12ஐ மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தை விட்டுவிட்டு மார்ச் 10 அளவில் புதிதாக ஒரு 15 விதை போடுங்கோ. காந்தாரி என்று தமிழ்நாட்டார் சொல்லுகிற அந்தக் கொச்சியைத் தொடாதேங்கோ, அது நேரம் எடுக்கிற வகை.

மாடிவீடு (நார்த் யார்க்) · பிப்ரவரி 16

அடுக்குமாடி வீட்டில் ராக்கை வைக்க இடமில்லை. தெற்கு ஜன்னல் இருக்கிறது. சாதாரண 15 வாட் எல்.இ.டி. பல்ப் (1600 லூமன்) ஒன்றை வைத்து எத்தனை செடி வளர்க்கலாம்? இன்னொன்று, இணையத்தில் "1000 வாட்" என்று போட்ட ஊதா விளக்கு ஒரு சாதா லைட் விலைக்கே கிடைக்கிறதே, அது எப்படி?

ஒளிக்கணக்கு (மிசிசாகா) · பிப்ரவரி 16

பல்ப்: 1600 ஐ 70 ஆல் வகுத்தால் 23 மைக்ரோமோல். வெறும் பல்ப் நாலா பக்கமும் அடிக்கும், அதனால் அலுமினியக் கிண்ணம் உள்ள கவ்வு விளக்கில் போட்டு, இலைக்கு மேல் 20 செ.மீ.யில் வையுங்கள். 30 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தில் பாதி ஒளி விழுந்தாலே 160 வரும். அந்த வட்டத்துக்குள் ஆறு சாடி வைக்கலாம். ஒரு வீட்டுக்கு ஆறு மிளகாய்ச் செடி குறைவில்லை. டைமர் காலை 6 முதல் இரவு 9 வரை, பகலோடு சேர்ந்தே ஓடட்டும். இரவில் ஜன்னல் கண்ணாடி பனியாய்க் குளிரும், சாடியை ஒரு முழம் உள்ளே தள்ளி வையுங்கள்.

"1000 வாட்" என்பது அந்த விளக்கு இழுக்கும் மின்சாரம் அல்ல. உள்ளே இருக்கும் எல்.இ.டி. சில்லுகளின் உச்ச வரம்பைக் கூட்டிப் போட்ட எண், அல்லது பழைய காலச் சோடியம் விளக்கோடு ஒப்பிட்டு எழுதிய எண். செருகியில் மாட்டும் வாட் மீட்டரில் பார்த்தால் பல விளக்குகள் 100 வாட்டைத் தாண்டாது. பெட்டியில் சிறிய எழுத்தில் உள்ள உண்மை வாட்டையும், ஒரு வாட்டுக்கு எத்தனை மைக்ரோமோல் என்ற எண்ணையும் மட்டும் நம்புங்கள். நல்ல வெள்ளைப் பலகை விளக்கு 2.5 தரும். சாதா ஷாப் லைட் 1.4 பக்கம்.

ஊதாவில் செடி வளராது என்று சொல்லவில்லை, வளரும். ஆனால் அந்த நிறத்தில் இலை வெளிறுவதும், பூச்சி ஏறுவதும், நரம்பிடை மஞ்சளும் கண்ணுக்கே தெரியாது. லக்ஸ் செயலியும் பொய் சொல்லும். வெள்ளையில் நீலம், பச்சை, சிவப்பு எல்லாமே இருக்கிறது. 4000 முதல் 6500 கெல்வின் வரை எதுவும் நாற்றுக்குச் சரி.

100 வாட் பலகை விளக்கை ராக்கைக்குள் போடவும் சொல்ல மாட்டேன். 250 மைக்ரோமோல் ஒரே இடத்திலிருந்து கொட்டும், 45 செ.மீ. உயரம் வேண்டும், அப்படியும் நடுவில் வெந்துபோகும், மூலையில் காணாது. நீளமான தட்டுக்கு நீளமான விளக்கு.

முற்றம் (ஸ்காபரோ) · மார்ச் 9

சொன்னபடி செய்தாயிற்று. மூன்று லைற், 12 செ.மீ., இரவு 7 – காலை 11. இரண்டாவது உண்மையிலைச் சோடி வந்திருக்கு, புது இலைக்கணு நெருக்கமாக இருக்கு. கொச்சி 24ஆம் நாள் வரை ஒவ்வொன்றாக முளைத்தது.

அளந்ததில் நடுவில் 15,500 லக்ஸ், இரண்டு அந்தத்திலும் 8,500. இது ஒரு கேள்வி. மற்றது, சில எம்.ஐ.2 இலையின் அடியில் கண்ணாடி மணல் மாதிரிச் சின்னச் சின்ன மேடு. பூச்சி முட்டையா? கையால் துடைத்தால் போகவில்லை. மூன்றாவது, மண்ணைத் தொட்டால் சின்னக் கறுப்பு ஈ எழும்புது.

வேரடிமண் (ஏஜாக்ஸ்) · மார்ச் 9

துடைத்துப் போகாதது முட்டை இல்லை. அது இலைக்குள் இருக்கிற கலங்கள் ஊதி எழும்பின நீர்க்கொப்புளம், ஈடிமா (oedema) என்பார்கள். மிளகாய், தக்காளி இரண்டுக்கும் வீட்டு லைற்றில் வருவது. வேர் தண்ணியை உறிஞ்சிக்கொண்டே இருக்கு, காற்று அசையாமல் ஈரப்பதம் கூடின இடத்தில் இலை அதை வெளியே விட முடியாமல் கலம் வீங்குது. எல்.ஈ.டி.யில் புற ஊதா இல்லாததும் ஒரு காரணம், வெயிலுக்குப் போனால் புது இலையில் வராது. மருந்து எதுவும் அடிக்காதேங்கோ. இருக்கிற மேடு அப்படியே இருக்கும், புது இலையைப் பாருங்கோ. சின்ன விசிறி ஒன்றை இலை மெல்ல ஆடுகிற வேகத்தில், லைற் எரிகிற நேரம் முழுக்கப் போடுங்கோ. ஆடுகிற தண்டு தடிக்கவும் செய்யும்.

மூன்று பிரச்சினைக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான், தண்ணி கூடிப் போச்சு. அந்த ஈ ஈர மண்ணில் முட்டை இடுகிற பூஞ்சண ஈ, அதன் புழு இளவேரைத் தின்னும். தினம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஊற்றுவதை நிற்பாட்டுங்கோ. தட்டைத் தூக்கிப் பாருங்கோ, நனைந்த பாரமும் காய்ந்த பாரமும் இரண்டு நாளில் கைக்குப் பழகும். காய்ந்து இலேசானதும் கீழ்த் தட்டில் அரை முதல் முக்கால் லீற்றர் ஊற்றி, 20 நிமிடம் விட்டு, உறிஞ்சாததைக் கொட்டுங்கோ. மேல் அரை அங்குல மண் காய்ந்தே இருக்கட்டும். மஞ்சள் ஒட்டுத்தாள் பறக்கிறதைப் பிடிக்கும், காய்ந்த மேல்மண் முட்டையை அழிக்கும். பைப்பில் இருந்து நேரே பிடித்த தண்ணி இந்த மாதத்தில் ஐஸ் மாதிரி இருக்கும், வாளியில் பிடித்து ஒரு இரவு வைத்து ஊற்றுங்கோ. வேர் குளிர்ந்தால் பொசுபரசு ஏறாது, இலையின் அடி ஊதாவாகும். அதைப் பார்த்துப் பசளை கூட்டுபவர்கள் அநேகம் பேர். தண்டின் கணுவில் மட்டும் ஊதா என்றால் அது சில வகையின் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை.

பசளை தொடங்கலாம். 20-20-20 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு) தூளில் ஒரு லீற்றருக்கு அரைக் கிராம், கிழமைக்கு ஒரு தரம். மட்டமான தேக்கரண்டி ஒன்று ஏறத்தாழ 5 கிராம், அது 10 லீற்றருக்கு. கீழ் இலை முழுதாக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. நரம்பு பச்சையாக இருந்து இடைவெளி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம். இரண்டும் இல்லாமல் எல்லா இலையும் தொங்கினால், மண் ஈரமாக இருக்கும்போது தொங்குதா, காய்ந்து தொங்குதா என்று பார்த்துவிட்டுத் தண்ணியைத் தொடுங்கோ.

ஒளிக்கணக்கு (மிசிசாகா) · மார்ச் 10

15,500 என்றால் 221 மைக்ரோமோல், 16 மணி நேரத்தில் 12.7 மோல். 8,500 என்றால் 121, 7 மோல். ஓரத்தில் இருக்கும் செடிக்கு ஒரு பக்கத்திலிருந்துதான் ஒளி வருகிறது, அது தவிர்க்க முடியாதது. இரண்டு அந்தத்திலும் வெள்ளை நுரைப்பலகை நிறுத்துங்கள், சமையல் அலுமினியத் தாளைவிட அதுவே ஒளியைச் சீராகத் திருப்பும். பலகை இலையிலிருந்து இரண்டு விரல் தூரத்துக்குள் இருக்க வேண்டும். மறுபடி அளந்தால் 10,000 தாண்டியிருக்கும்.

எல்லாச் செடியையும் தினம் சுற்ற வேண்டியதில்லை. புதிதாக முளைத்ததை அந்தத்தில் வையுங்கள், அதற்கு 120 தாராளம். நாலு இலைக்காரர்களை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். வயது ஏற ஏற நடுவை நோக்கி நகர்த்திக்கொண்டே போகலாம். உயரம் குறைந்த செடிக்கு அடியில் கவிழ்த்த சாடி ஒன்றை வைத்து எல்லாத் தலையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் லைட்டை 12 செ.மீ.யிலேயே வைத்திருக்கலாம். உயரமான ஒரு செடிக்காக லைட்டைத் தூக்குவதுதான் மற்ற எல்லாச் செடியும் நீள்வதற்கு வழி.

மேல் இலை விளிம்பு மேல்நோக்கிக் கிண்ணம் போல மடிந்தால் மட்டும் லைட்டை ஒரு சாண் தூக்குங்கள். கையை இலை மட்டத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள், புறங்கை சுட்டால் அது சூடு, சுடாவிட்டால் ஒளி மிகுதி.

மாடிவீடு (நார்த் யார்க்) · மார்ச் 22

கடையில் வாங்கிய வற்றல் மிளகாய் விதை முளைக்குமா?

நாகாமிளகாய் (பிராம்ப்டன்) · மார்ச் 22

வெயிலில் காய்ந்த வற்றல் என்றால் பெரும்பாலும் முளைக்கும், இயந்திரச் சூட்டில் காய்ந்ததென்றால் செத்திருக்கும். பார்த்துச் சொல்ல முடியாது. ஈரக் காகிதத் துண்டில் 10 விதை வைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, 28 டிகிரியில் வையுங்கள். 14 நாளில் ஆறு முளைத்தால் போடலாம். கலப்பின மிளகாய் என்றால் தாய் மாதிரியே காய்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

முற்றம் (ஸ்காபரோ) · மே 6

38 சாடி, 15 முதல் 20 செ.மீ. உயரம், தண்டு பென்சில் தடிப்புக்குக் கொஞ்சம் குறைவு. எம்.ஐ.2இல் மொட்டு. வெளியே எப்ப கொண்டுபோவது?

வேரடிமண் (ஏஜாக்ஸ்) · மே 6

நல்லாய்ச் செய்திருக்கிறீர்கள். மொட்டைக் கிள்ளிவிடுங்கோ, இந்தச் சாடியில் இருந்து காய் வேண்டாம்.

லைற்றில் இருந்து நேரே வெயிலுக்குக் கொண்டுபோனால் ஒரே மத்தியானத்தில் இலை வெள்ளைக் கடதாசியாகிப் போகும். உங்கள் ராக்கையில் இருப்பது 220. மே மாத நண்பகல் வெயில் 1,800 முதல் 2,000, எட்டு ஒன்பது மடங்கு. அதோடு புற ஊதாவும் காற்றும். இந்த இலை அது எதையும் கண்டதில்லை. முதல் இரண்டு நாள் முழு நிழலில் ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம். மூன்றாம் நாள் காலை 8–9 வெயில் மட்டும். பிறகு நாளுக்கு ஒரு மணித்தியாலம் கூட்டி, பத்தாம் நாள் முழு வெயில். முகில் மூடின நாளில் தொடங்கினால் சுகம். காற்றடிக்கிற நாளில் சாடி இரண்டு மடங்கு வேகமாகக் காயும், கொண்டுபோக முன்னம் தண்ணி விடுங்கோ. அந்தப் பத்து நாளும் பசளை வேண்டாம்.

இரவு 10 பாகைக்குக் கீழே போகும் என்றால் உள்ளே எடுங்கோ. உறைபனி தேவையில்லை, 6–7 பாகையிலேயே மிளகாய் இரண்டு கிழமைக்கு நின்றுவிடும்.

மின்கம்பி (மார்க்கம்) · மே 7

மே 1ஆம் திகதியில் இருந்து கோடைக்காலக் கட்டணம். உச்ச நேரம் காலை 11 – மாலை 5க்கு மாறிவிட்டது. இரவு 7 – காலை 7 மலிவு அப்படியே இருக்கு. ஆனால் பகலில் வெளியே வைக்கத் தொடங்கினதும் இரவு லைற்றை நிற்பாட்டுங்கோ, நாகாமிளகாய் சொன்ன 24 மணி வெளிச்சம் இங்கேதான் வந்து பிடிக்கும்.

முற்றம் (ஸ்காபரோ) · மே 24

ரைமர் கழற்றியாயிற்று. எட்டு நாள் வெளியே நின்றுவிட்டது, இரண்டே இரண்டு இலையில்தான் வெள்ளைப் புள்ளி. இந்தக் கிழமை இரவு 8, 9 பாகை என்று காட்டுது. நிலத்தில் வைக்கவா?

நாகாமிளகாய் (பிராம்ப்டன்) · மே 24

காற்றைப் பார்க்காதீர்கள், மண்ணைப் பாருங்கள். சமையலறை வெப்பமானியை 10 செ.மீ. ஆழத்தில் காலை 8 மணிக்குக் குத்திப் பாருங்கள். 15 டிகிரி தாண்டியிருந்தால் எம்.ஐ.2ஐ வைக்கலாம், இரவில் வாளி கவிழ்த்து மூடுங்கள். கொச்சி இன்னும் ஒரு வாரம் சாடியிலேயே நிற்கட்டும், 18 வேண்டும் அதற்கு. செடிக்குச் செடி ஒன்றரை அடி.